கருவாட்டின் இடதுபக்கம்

ஜனவரி 18, சனி. கிரெனடா

ஆவுடையப்பனும் அவன் மனைவி கோமதியும் ஒருவழியாக வந்து இறங்கினார்கள். மூன்று விமானம் மாறி வந்ததில் முகத்தில் தூக்கம் வழிகிறது, ஆனால் பெட்டியில் ஒரு குறையும் இல்லை. முறுக்கு, சீடை, அப்பளம், ஒரு மூட்டை இட்லி அரிசி. பாய்மரப் படகுப் பந்தயத்துக்கு முன்னால் எல்லாரும் படகிலிருந்து பாரத்தை இறக்குவார்கள். எங்கள் ஆட்கள் ஏற்றுவார்கள். கேட்டால், வெறும் வயிற்றோடு எப்படி அண்ணாச்சி ஜெயிக்க முடியும் என்று கோமதி என்னையே திருப்பிக் கேட்கிறாள்.

ஆவுடை நான் கேப்டனாக இருந்த கப்பலில் பதினோரு வருஷம் எனக்கு அடுத்த சீஃப் ஆஃபீசராக இருந்தவன். இரண்டு பேரும் ஓய்வு பெற்றாகிவிட்டது, இன்னும் நான் நின்றால் அவன் உட்காருவதில்லை. படகில் இதனால் பெரிய தொந்தரவு. நாற்பதடி நீளத்தில் எத்தனை பேர் நிற்பது? உட்காரு மூதேவி என்று தினமும் திட்ட வேண்டியிருக்கிறது.

படகு பழசு. வருஷத்தில் பாதியை நானும் என் மனைவி ஜெசிந்தாவும் இதில்தான் கழிக்கிறோம். வாங்கிய அன்று உள்ளே அடித்த வாடைக்கு அவள் மூக்கைப் பொத்திக்கொண்டு வைத்த பெயர் கருவாடு. அதுவே நிலைத்துவிட்டது. எங்களைப் போலப் படகிலேயே அடுப்பு மூட்டிக் குடித்தனம் நடத்துகிறவர்களுக்குப் பந்தயத்தில் தனிப் பிரிவு உண்டு. போன வருஷம் லேடி ஐரிஸிடம் தோற்று இரண்டாவதாக வந்தோம். அதை ஓட்டுகிற டெல்வின் இந்த ஊர்க்காரன். ஜெயித்த கோப்பையில் வெங்காயம் போட்டு வைத்திருக்கிறான். இது எனக்குச் செய்கிற அவமரியாதை இல்லாமல் வேறென்ன?

சாயங்காலம் காபி டம்ளரைத் தட்டிவிட்டேன். ஜெசிந்தா அதை என் இடது முழங்கைக்குப் பக்கத்தில் கொண்டுவந்து வைத்திருந்தாள். அங்கே யாராவது வைப்பார்களா? அவள் சத்தமில்லாமல் துடைத்துவிட்டு, கண்ணுக்குச் சொட்டு மருந்து விடுகிறேனா என்று கேட்டாள். விடுகிறேன் என்றேன். நவம்பரிலேயே தீர்ந்துவிட்டது என்று சொல்லவில்லை. இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு டாக்டர் என் கண்ணில் அழுத்தம் ஏறியிருக்கிறது, மருந்தை நிறுத்தினால் பார்வை ஓரத்திலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகப் போய்விடும், போனது திரும்ப வராது என்று பயமுறுத்தினார். டாக்டர்கள் எதையும் அப்படித்தான் சொல்வார்கள். விரிகுடாவின் அந்தக் கரையில் நிற்கிற படகின் பெயரை இங்கிருந்தே படிக்கிறேன். வேறு என்ன வேண்டும்?

மகள் கோயம்புத்தூரில் பன்னிரண்டாவது மாடியில் எங்களுக்கென்று ஒரு அறை ஒதுக்கி வைத்திருக்கிறாள். கண்ணில் கோளாறு என்று ஒரு வார்த்தை காதில் விழுந்தால் போதும், படகை விற்றுவிட்டு அடுத்த விமானத்தில் வாருங்கள் என்பாள். நான் அங்கே பால்கனித் தொட்டிச்செடி மாதிரி நிற்க வேண்டும். ஜெசிந்தாவும் மகள் கட்சிதான். அதனால் இந்தப் பேச்சையே எடுக்க விடுவதில்லை.

ஜனவரி 20, திங்கள்

ஒத்திகை. நல்ல கொண்டல் காற்று, கிழக்கேயிருந்து விடாமல் அடித்தது. கோமதி முன்னால் பாயைக் கவனிக்கிறாள். ஐம்பது வயதுக்கு மேல் பாய் பிடிக்கக் கற்றுக்கொண்டவள், பயம் என்பதே கிடையாது. நான் சுக்கான் சக்கரத்தில். ஆவுடைக்குப் பாய்க்கயிறு வேலை. ஜெசிந்தா எப்போதும் என் வலதுபக்கம் உட்காருவாள், இந்த முறை இடதுபக்கம் போய் உட்கார்ந்துகொண்டாள். வெயில் அடிக்கிறதாம். வெயில் என்னவோ இடதுபக்கம்தான் அடித்தது.

ஆவுடைக்கு இருமல். விமானத்தில் ஏசி பட்டிருக்க வேண்டும். வறட்டு இருமல், அதுவும் என் காதுக்குப் பக்கத்தில். ஒவ்வொரு தடவையும் முறைப்பதற்காகத் திரும்பினேன். திரும்பிய நேரம் பார்த்து அந்தப் பக்கம் ஒரு படகோ மிதவையோ இருந்தது, ஒதுங்கிப் போனேன். நல்ல காலம்.

ஜனவரி 21, செவ்வாய்

இடது கால் சுண்டுவிரல் வீங்கிவிட்டது. பாய்க்கயிற்றை இறுக்குகிற வின்ச்சின் கைப்பிடியை நடைபாதையில் போட்டது யார் என்று ஒருவரும் ஒத்துக்கொள்ளவில்லை.

ஜனவரி 22, புதன்

ஊருக்குள் மார்க்கெட் போனோம். கீரை, பூசணிக்காய், ஈரப்பலாக்காய். திரும்பும்போது ஒரு மினிபஸ் இடதுபக்கமாக வந்து என் சட்டையை உரசிக்கொண்டு போனது. ஹாரன்கூட அடிக்கவில்லை என்றேன். மூன்று தடவை அடித்தான் என்றாள் ஜெசிந்தா. அதற்குப் பிறகு படகுத்துறைவரை என் கையைப் பிடித்தபடியே வந்தாள். கல்யாணமான நாளிலிருந்து தெருவில் என் கையைத் தொடாதவள். எனக்கு வெட்கமாக இருந்தது, ஆனாலும் உதறவில்லை.

துறையில் வைத்து ஆரம்பித்தாள். இந்த ஊரிலும் கண் டாக்டர் இருக்கிறாராம், கோமதி விசாரித்து வைத்திருக்கிறாளாம், பந்தயத்துக்கு முன்னால் ஒருதடவை காட்டிவிடலாமாம். ஆக, இரண்டு பொம்பிளைகளும் எனக்குப் பின்னால் கூடிப் பேசுகிறார்கள். எனக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது. பந்தயம் முடியட்டும் என்றேன். முடிந்தால் நிச்சயமா என்றாள். பார்க்கலாம் என்றேன்.

“பந்தயத்துக்கு ஒண்ணும் ஆகாதுங்க. ஆளுக்கு ஏதாச்சும் ஆயிட்டா என்ன செய்ய?” என்றாள்.

சாகிறவரை என் கையில் ஒரு சுக்கான் இருக்க வேண்டும், வேறு ஒன்றும் நான் கேட்கவில்லை. இதை அவளுக்கு எப்படிச் சொல்லிப் புரியவைப்பது என்று தெரியவில்லை.

ஜனவரி 24, வெள்ளி

மூன்று நாள் பந்தயத்தில் முதல் நாள் முதலிடம்! லேடி ஐரிஸ் எங்களுக்குப் பின்னால், இரண்டு படகு நீளம் தள்ளி. டெல்வின் கையைத் தூக்கி வணக்கம் வைத்தான். வெங்காயத்தை எடுத்து வேறு சட்டியில் போட்டு வை என்று சத்தமாகச் சொன்னேன். நல்லவேளை தமிழில் சொன்னேன்.

ஆவுடையின் இருமல் மட்டும் ஓய்ந்தபாடில்லை. புறப்படும்போது இருமினான், மிதவையைச் சுற்றும்போது இருமினான். ஒருதடவை அவன் இருமாமல் போனபோது, எங்கிருந்து முளைத்தது என்றே தெரியவில்லை, ஒரு மீன்பிடிப் படகு எங்கள் இடது மூக்கை ஒட்டிப் போனது. அதில் இருந்த கிழவர் எழுந்து நின்று ஏசினார். ஆவுடை கயிற்றைச் சரிபண்ணிக்கொண்டிருந்தானாம், பார்க்கவில்லையாம். அவன் முகம் வெளிறிப்போயிருந்தது. கண் என்ன பிடரியிலா இருக்கிறது என்று அந்தக் கிழவரைத் திருப்பி ஏசினேன். பந்தயப் பாதைக்குள் அவருக்கு என்ன வேலை?

ராத்திரிச் சாப்பாட்டுக்குக் கோமதி தேங்காய்ப்பால் சொதி வைத்திருந்தாள். எல்லாரும் சந்தோஷமாக இருந்திருக்க வேண்டும். மூன்று பேரும் தட்டைப் பார்த்தே சாப்பிட்டார்கள். அந்தக் கிழவரின் படகு நீலமா பச்சையா என்று எனக்கு ஞாபகம் வரவில்லை.

ஜனவரி 25, சனி. ஆஸ்பத்திரி வராந்தா

ஜெசிந்தாவின் இடது மணிக்கட்டு உடைந்துவிட்டது. எக்ஸ்ரே எடுக்க உள்ளே கொண்டுபோயிருக்கிறார்கள். கோமதி கூட இருக்கிறாள்.

நடந்ததை நடந்தபடி எழுதி வைக்கிறேன். சாயங்காலம் பந்தயக் குழு விசாரிக்கப் போகிறது, வார்த்தை பிசகக்கூடாது.

இரண்டாவது மிதவையை நோக்கிப் போய்க்கொண்டிருந்தோம். காற்று வலதுபக்கமிருந்து. அப்படி அடித்தால் பாய் இடதுபக்கம் போய்விடும், படகும் அந்தப் பக்கம் சாயும். பாய்க்குப் பின்னால் என்ன வருகிறது என்று சுக்கான் பிடிக்கிறவனுக்குத் தெரியாது, இன்னொரு ஆள் குனிந்து பார்த்துச் சொல்ல வேண்டும். சாய்வு அதிகமாகிவிட்டதால் ஜெசிந்தாவை வலதுபக்கம் மேலே ஏறி உட்காரச் சொன்னேன், எடைக்காக. அவள் வரமாட்டேன் என்றாள். ஒரு அதட்டுப் போட்டேன், வந்தாள். ஆவுடை கீழே இடதுபக்கம் இருந்தான். இருமினான். திரும்பவும் இருமினான். பிறகு நிறுத்தவே இல்லை. காற்றில் வேகம் பிடித்துக்கொண்டிருக்கிற நேரம், காதுக்குள் லொக்கு லொக்கு என்றால் யாருக்குத்தான் எரிச்சல் வராது? திரும்பிப் பார்க்காமலே, உள்ளே போய் வெந்நீரில் மிளகைத் தட்டிப் போட்டுக் குடித்துவிட்டு வா என்றேன். அவன் அசையவில்லை. “உள்ள போல!” என்று கத்தினேன். “சரி அண்ணாச்சி” என்று உள்ளே இறங்கினான்.

அடுத்த நிமிஷம் கோமதி முன்னாலிருந்து அலறினாள். நான் சக்கரத்தைத் திருப்புவதற்குள் லேடி ஐரிஸின் விளிம்பு எங்கள் இடது விலாவில் வந்து முட்டியது. ஜெசிந்தா எப்போது கீழே இறங்கினாள் என்று தெரியாது. இரண்டு படகும் மோதாமல் கையால் தள்ளப் பார்த்திருக்கிறாள். பதினைந்து டன் எடையைக் கையால் தள்ளுவாளா ஒருத்தி? கிளை முறிகிற சத்தம் மாதிரி ஒரு சத்தம் கேட்டது. அவள் அழவில்லை. “உங்களுக்கு ஒண்ணும் ஆகலயே?” என்றுதான் என்னிடம் கேட்டாள்.

பந்தயத்தை அப்படியே விட்டுவிட்டுக் குழுவின் மோட்டார் படகில் கரைக்கு வந்தோம். கருவாட்டுக்குக் கீறல்தான், ஆவுடை அதை மெதுவாக ஓட்டிக்கொண்டு வந்தான்.

விதி இதுதான். இரண்டு படகும் ஒரே பக்கக் காற்றில் போனால், காற்று வருகிற பக்கத்தில், அதாவது மேலே, இருக்கிறவன் கீழே இருக்கிறவனுக்கு ஒதுங்க வேண்டும். நாங்கள் மேலே இருந்தோம். ஆனால் டெல்வின் திடீரென்று எங்களை நோக்கி ஏறி வந்திருந்தால், ஒதுங்க நேரமே கொடுக்காமல் வந்திருந்தால், தப்பு அவன்மேல். திடீரென்றுதான் வந்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் நான் பார்த்திருப்பேனே. தப்பு அவன்மேல் என்று முடிவானால் விட்டுவந்த பந்தயத்துக்கு ஈடாக எங்களுக்குப் புள்ளி கிடைக்கும், கோப்பை ஏறக்குறைய எங்களுடையது. விசாரணைக்குப் போகாவிட்டால் நாமே குற்றத்தை ஒத்துக்கொண்டது மாதிரி. மாவுக்கட்டுப் போட நேரமாகுமாம். நான் போய்விட்டு வருகிறேன் என்றதற்குக் கோமதி என்னைப் பார்த்த பார்வை சரியில்லை.

ஜனவரி 26, ஞாயிறு. விடிகாலை

நேற்று விசாரணை படகுக் கழகத்தின் மாடியில் நடந்தது. ஒரு மேசை, அதற்குப் பின்னால் மூன்று பேர். நடுவில் இருந்த அம்மாள் பள்ளிக்கூடத் தலைமையாசிரியையாக இருந்தவராம். மேசையில் பொம்மைப் படகுகளை வைத்து, யார் எங்கே இருந்தீர்கள் என்று நகர்த்திக் காட்டச் சொன்னார்.

டெல்வின் முதலில் பேசினான். நல்ல மனுஷன், பேச்சில் துள்ளல் இல்லை. ஜெசிந்தாவின் கை எப்படி இருக்கிறது என்று விசாரித்துவிட்டுத்தான் ஆரம்பித்தான். வெகுநேரமாகக் கருவாட்டுக்குக் கீழே, பக்கத்திலேயே வந்துகொண்டிருந்ததாகச் சொன்னான். வழிவிடச் சொல்லிப் பலதடவை கத்தியிருக்கிறான். பிறகு சொன்னான்: கேப்டனின் ஆள் எங்களை நன்றாகப் பார்த்தார், பார்த்துவிட்டு கேப்டன் பக்கம் திரும்பி இருமினார், திரும்ப எங்களைப் பார்த்தார், இருமினார், எங்களுக்கு ஒன்றும் புரியவில்லை, அப்புறம் அவர் உள்ளே போய்விட்டார்.

குழுவில் ஒருவர் சிரித்தார். நான் சிரிக்கவில்லை. ஆவுடையைக் கூப்பிட்டார்கள். கப்பலில் அறிக்கை கொடுக்கிற மாதிரி, நிமிர்ந்து நின்று ஆங்கிலத்தில் சொன்னான். கேப்டன் லேடி ஐரிஸைப் பார்த்துவிட்டார், நானும் அறிவித்தேன், அவர் ஒதுங்க ஆரம்பித்தபோது லேடி ஐரிஸ் திடீரென்று மேலே ஏறியது. ஒரு தடுமாற்றம் இல்லை. அவன் பொய் சொல்லி நான் கேட்டதே கிடையாது. குழு அவன் பேச்சை நம்பியது, அது முகங்களில் தெரிந்தது.

அவ்வளவு நேரம் பேசியும் அவன் ஒருதடவைகூட இருமவில்லை. அப்போதுதான் எனக்கு உறைத்தது. கரையில் இந்த வாரம் முழுக்க அவன் இருமி நான் கேட்கவே இல்லை. சாப்பிடும்போது இல்லை, தூங்கும்போது இல்லை. ஐந்து நிமிஷம் அவகாசம் கேட்டு அவனை வெளியே படிக்கட்டுக்குக் கூட்டிப்போனேன்.

“ஏல, உனக்கு இருமல் இருக்கா இல்லையா?”

அவன் படியைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

“யாரு சொல்லித் தந்தா?”

“ஜெசிந்தா மதினிதான். நான் இருமுனா நீங்க முறைக்கத் திரும்புவியளாம். திரும்பினா பாத்துருவியளாம்.”

வாயால் சொல்லித் தொலைத்தால் என்ன என்று கேட்டேன். படகு வருகிறது, இடதுபக்கம், ஒதுங்கு என்று சொல்ல எத்தனை வார்த்தை வேண்டும்?

“அண்ணாச்சி, ஒருதடவை சொல்லலாம், ரெண்டுதடவை சொல்லலாம். ஒவ்வொரு தடவையும் சொன்னா, உங்களுக்குக் கண்ணு தெரியலன்னு நான் சொல்லுத மாதிரில்லா ஆயிரும்? உங்கள எதுத்து நின்னு அத நான் எப்படிச் சொல்ல?”

சக்கரத்தைப் பிடுங்கியிருக்கலாமே என்றேன். அவன் அதிர்ந்துபோய் என்னைப் பார்த்தான். நான் ஏதோ அசிங்கமாகப் பேசிவிட்ட மாதிரி. போ என்று நான் சொன்னதும் போய்விட்டான். மிளகு எங்கே இருக்கிறது என்று உள்ளே தேடிக்கொண்டிருந்தானாம், மோதும்போது.

இந்த முட்டாளை அடிக்கத்தான் கை ஓங்கினேன். கட்டிப்பிடித்துக்கொண்டேன். அவனை இப்படி ஆக்கியது நான்தான். பதினோரு வருஷம் என் முன்னால் ஒரு வார்த்தை எதிர்த்துப் பேச விடாமல் வைத்திருந்தேன், அதைப் பெருமையாக வேறு சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

மாடிக்குத் திரும்பினோம். அந்த அம்மாள், கடைசியாக ஒரே ஒரு கேள்வி, மோதுவதற்கு முன்னால் லேடி ஐரிஸை நீங்கள் பார்த்தீர்களா என்று கேட்டார். பார்த்தேன் என்று ஒரு சொல் சொன்னால் போதும். எல்லாம் என்னிடமே இருக்கும். கோப்பை, சக்கரம், படகு, எல்லாம். ஆவுடை எனக்கு வலதுபக்கம் நின்று, சொல்லுங்கள் சொல்லுங்கள் என்று கண்ணால் கெஞ்சினான்.

பார்க்கவில்லை என்றேன். என் ஆள் எனக்காகப் பேசுகிறான், அதைக் கணக்கில் எடுக்க வேண்டாம், எனக்கு இடது கண் தெரியாது, பல மாதமாகவே தெரியாது என்றேன். ஆங்கிலத்தில் சொன்னதால்தான் சொல்ல முடிந்தது என்று நினைக்கிறேன். டெல்வின் எழுந்து வந்து எனக்கு நாற்காலியை இழுத்துப் போட்டான். எனக்கு அது பொறுக்கவில்லை.

அந்தப் பந்தயத்தில் எங்கள் படகைத் தகுதி நீக்கம் செய்தார்கள். சரியான முடிவு.

ஜனவரி 26, ஞாயிறு. சாயங்காலம்

கடைசிப் பந்தயத்துக்குப் போக வேண்டாம் என்றுதான் நினைத்தேன். ஜெசிந்தாதான் விடவில்லை. கையில் மாவுக்கட்டோடு படகில் ஏறி உட்கார்ந்துவிட்டாள். கரையில் உட்கார்ந்து உங்கள் மூஞ்சியைப் பார்ப்பதற்கு இது பரவாயில்லை என்றாள்.

ஆவுடையைச் சக்கரத்தைப் பிடிக்கச் சொன்னேன். அவன் பின்னால் நகர்ந்தான், நீங்கள் இருக்கும்போது நான் எப்படி என்றான். எல்லாம் தெரிந்த பிறகும் இப்படி! எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. இரண்டு பேரும் மாறி மாறிச் சக்கரத்தை விட்டு விலகி நிற்க, புறப்படுகிற சங்கு ஊதிவிட்டது. கோமதி முன்னாலிருந்து விறுவிறுவென்று வந்தாள். “ரெண்டு பேரும் நகருங்க” என்று சொல்லிவிட்டுச் சக்கரத்தைப் பிடித்தாள்.

நன்றாகவே ஓட்டினாள். மிதவையைச் சுற்றும்போது நான் திருத்தலாம் என்று வாயைத் திறந்தேன், அண்ணாச்சி பேசாமல் இருங்கள் என்றாள். ஆவுடைக்கு மூச்சே நின்றுவிட்டது. ஏழாவதாக வந்தோம். எனக்கு வழியெல்லாம் அழுகை வந்துகொண்டிருந்தது, உப்புத் தண்ணீர் தெறித்துவிட்டது போலத் துடைத்துக்கொண்டேன். இரண்டு கையும் வேலையில்லாமல் மடியில் கிடந்தன, அவற்றை என்ன செய்வதென்றே தெரியவில்லை.

நங்கூரம் போட்ட பிறகு அவர்கள் இருவரும் கரைக்குப் போனார்கள். வேண்டுமென்றேதான் எங்களைத் தனியாக விட்டுவிட்டுப் போனார்கள். நாளைக்குக் காலையில் கண் டாக்டரிடம் நேரம் கேட்டிருப்பதாக ஜெசிந்தா சொன்னாள். சரி என்றேன். மகளிடம் பேசச் சொன்னாள். அதற்கும் சரி என்றேன். அவள் எதிர்பார்க்கவில்லை போலிருக்கிறது.

“வலது கண்ண மூடிட்டுப் பாருங்க, எவ்வளவு தெரியுதுன்னு. டாக்டர் கேப்பாருல்லா?” என்றாள்.

இரண்டு வருஷத்தில் இதை நான் ஒருதடவைகூடச் செய்து பார்த்ததில்லை. பயம், வேறொன்றும் இல்லை. உள்ளங்கையால் வலது கண்ணைப் பொத்தினேன். சாம்பல் நிறத்தில் ஒரு மூட்டம், மேல் மூலையில் மட்டும் கொஞ்சம் வெளிச்சம். கடல் இல்லை, பாய்மரம் இல்லை.

“ஏட்டி, நீ எங்க இருக்க?” என்று கேட்டேன்.

“உங்களுக்கு நேர் எதுக்கத்தான் இருக்கேன்” என்றாள்.

கையை நீட்டினேன். மாவுக்கட்டுதான் கையில் பட்டது.